தலையில் விழுந்தது பல்லி அல்ல

குன்னூர்,
ஆடி மாதம், 1974.

பாசத்துக்கும் பயபக்திக்கும் உரிய அண்ணன் தங்கையா அவர்களுக்கு, காலமாகிவிட்டதாகத் தாங்கள் கேள்விப்பட்டிருக்கும் தம்பி பரமசிவன் தலைதாழ்த்திக் கும்பிட்டு எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான் உயிருடன் இருக்கிறேன். வீரம்மா நெற்றியில் பொட்டோடு இருக்கிறாள். அவ்விடம் தாங்களும் அண்ணி சின்னம்மையும் சுகமா என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தம்பி செத்த வீட்டில் யார் சுகமாக இருப்பார்கள்? ஆகையால் எனக்காக அழுதுகொண்டிருந்தால் தயவுசெய்து இந்த வரியோடு நிறுத்திவிட்டு, முகம் கழுவி, ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு மேற்கொண்டு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சீனி கிடைக்காவிட்டால் வெறும் சாயத்தையாவது குடியுங்கள்.

சென்ற ஆனி மாதம் தங்களுக்கு ஒரு கார்டு வந்திருக்கும். மூலையில் கறுப்பு மை தடவிய கார்டு. 'தங்கள் தம்பி பரமசிவன் நேற்றுத் திடீரென்று இறைவனடி சேர்ந்துவிட்டார், இப்படிக்கு அபலை வீரம்மா' என்று அதில் கண்டிருக்கும். அண்ணே, அது முழுப் பொய். வீரம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது தங்களுக்கே தெரியும். கையெழுத்து எங்கள் பக்கத்து வீட்டில் பெட்டிக்கடை வைத்திருக்கும் காளியம்மாளுடையது. யோசனையும் அவருடையதே. வீரம்மா தலையாட்டினாள். எனக்கு இது விஷயமாக ஒன்றுமே தெரியாது. செத்தவனிடம் யார்தான் ஒரு வார்த்தை கேட்கிறார்கள்? கார்டு தபால்பெட்டியில் விழுந்து, ராமேஸ்வரம் போய்க் கப்பலும் ஏறியிருக்கும் என்கிற அளவுக்கு நாள் ஆன பிறகுதான், நான் இறந்துபோன விவரம் எனக்குத் தெரிவிக்கப்பட்டது. இப்படி ஒரு காரியத்தை ஏன் செய்தார்கள் என்று சொல்ல வேண்டுமானால் நான் பள்ளிக்கூடத்துப் போத்தல்களில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் சிலோனை விட்டு இந்தியா வந்து சேர்ந்ததும், கொழுந்து எடுக்கவும் கவாத்து வெட்டவும் தெரிந்தவர்களையெல்லாம் தோட்டங்களுக்கு அனுப்பிவிட்டு, உனக்கு என்ன வேலை தெரியும் என்று என்னைக் கேட்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துப் போத்தல் கழுவினேன் என்று உள்ளதைச் சொன்னேன். அதற்கேற்றாற்போல் குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் போத்தல் கழுவும் வேலையே கிடைத்தது. அங்கே போத்தலில் மருந்து இருந்தது, இங்கே போத்தலில் பிராணிகள் இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். பாம்பு, தேள், தவளை, நாடாப்புழு, கண் திறக்காத ஆட்டுக்குட்டி என்று ஒரு அறை நிறைய மூக்கைத் துளைக்கும் தண்ணீருக்குள் ஊறிக்கொண்டிருக்கின்றன. நான் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். இந்தக் குன்னூர்க் குளிர் தங்களுக்குத் தெரியாது அண்ணே, நம் நுவரெலியாவுக்கு அண்ணன்.

இந்த அறைக்கு மேலதிகாரி சாந்தாமணி டீச்சர். கோயம்புத்தூர்க்காரர், தங்கமான மனுசி, என்னைப்போல் கடைநிலை ஆளைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆனி மாதம் இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று சொல்லி, போத்தல்களையெல்லாம் துடைத்து, அந்தந்தப் பிராணியை அதனதன் சொந்தக்காரர்களோடு சேர்த்து அடுக்கச் சொன்னார். நானும் பாம்பைப் பாம்போடும் மீனை மீனோடும் சேர்த்துக் குடும்பம் குடும்பமாகக் குடியேற்றினேன். கடைசியில் ஒரு போத்தல் மிஞ்சியது. எந்தக் காலத்திலோ இங்கே வாத்தியாராக இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமையிலிருந்து கொண்டுவந்ததாம். ஒட்டியிருந்த சீட்டைப் பூச்சி தின்றுவிட்டது. உள்ளே நாலு காலும் நீள வாலுமாக ஒரு ஜந்து, நிறமெல்லாம் வெளுத்துப்போய், வாயைத் திறந்தபடி இருந்தது. நாலு காலும் வாலும் இருந்தால் பல்லி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பல்லி, ஓணான், உடும்புக்குஞ்சு இருக்கிற தட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் டீச்சர் நிற்கிறார்.

"ஏனுங்க பரமசிவன், இதை எதுக்குங்க ஓணான் கூட்டத்துல வெச்சிருக்கீங்க?"

"பல்லிதானுங்களே டீச்சர்?"

"பல்லி இல்லீங்க. இது சாலமாண்டர். தவளைக்குச் சொந்தமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவளைக்கு ஏது வால் என்று கேட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எட்டாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார். பல்லிக்கு உடம்பெல்லாம் காய்ந்த செதில் இருக்கும், விரல் நுனியில் நகம் இருக்கும். இதற்குச் செதிலும் கிடையாது, நகமும் கிடையாது. தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், அந்தத் தோலாலேயே மூச்சுகூட விடுமாம். பல்லி ஓடுள்ள முட்டையைச் சுவர் இடுக்கில் இட்டுவிட்டுப் போய்விடும். இது பெரும்பாலும் தவளையைப்போல் கொழகொழவென்று ஓடில்லாத முட்டையைத் தண்ணீரில் இடும். குஞ்சு மீனைப்போலச் செவுள் வைத்துக்கொண்டு நீந்தித் திரிந்து, வளர்ந்த பிறகு கரையேறும். நீரிலும் நிலத்திலும் வாழ்கிற இந்தக் கூட்டத்தில் மூன்று வீடு இருக்கிறதாம். வால் போய்விடுகிற வீடு தவளையும் தேரையும். வால் கடைசிவரை நிற்கிற வீடு இந்தச் சாலமாண்டர். கால் என்பதே இல்லாத மூன்றாவது வீடு ஒன்று, மண்ணுக்குள்ளேயே இருக்கும், பார்க்க மண்புழு மாதிரி இருக்கும். அந்த மூன்றாவது வீட்டுக்காரர்கள் இந்த நீலகிரியிலேயே உண்டாம், நம் ஆட்கள்தான் பாம்புக்குட்டி என்று நினைத்து மண்வெட்டியால் வெட்டிவிடுகிறார்களாம். டீச்சர் பேச்சில் நியூட் என்று இன்னொரு பெயரும் வந்தது, அது யார் என்று கேட்டேன். அது சாலமாண்டர் வீட்டுக்குள்ளேயே ஒரு கிளையாம். நியூட்டெல்லாம் சாலமாண்டர்தான், ஆனால் சாலமாண்டரெல்லாம் நியூட் இல்லை. நியூட் கரையேறிப் பெரிதான பிறகும் முட்டையிட வேண்டும் என்றால் பிறந்த தண்ணீருக்கே திரும்பிப் போகுமாம். நம் போத்தலில் இருப்பது எது என்று டீச்சருக்கே திட்டமாகச் சொல்ல முடியவில்லை, அவ்வளவு வெளுத்துப்போயிருக்கிறது. தெற்கே இந்த ஜந்துவே கிடையாது, டார்ஜிலிங் பக்கத்து மலைகளில்தான் ஒரு வகை உண்டு என்றார். அதுவும் தேயிலை விளைகிற மலையாகப் பார்த்துத்தான் போய் உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, "எடுத்துத் தவளைத் தட்டுல வெச்சிருங்க" என்றார். தவளைத் தட்டு எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. நான் ஸ்டூலில் ஏறி, இரண்டு கையாலும் போத்தலைத் தூக்கி, தட்டில் வைக்கப்போகும் நேரம், மூடியை ஒட்டியிருந்த பழைய மெழுகு விட்டுவிட்டது. மூடி ஒரு பக்கம் போயிற்று. நாற்றத்தண்ணீர் முழுவதும் என் மேலே கொட்டியது. அந்த ஜந்து வேறு எங்கும் போகாமல் நேராக என் உச்சந்தலையில் வந்து படுத்துக்கொண்டது. பல்லி என்று தப்பாக வைத்த இடத்தில் இருந்தவரை அது என்னை ஒன்றும் செய்யவில்லை அண்ணே. சரியான இடத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் விழுந்தது. இதை நான் டீச்சரிடம் சொன்னபோது அவர் என் கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டு வாசலில் வீரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னாங்க இது, என்னைக்கும் இல்லாத நாத்தம்?" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒண்ணுமில்ல புள்ள, பல்லி மாதிரி ஒண்ணு தலையில விழுந்திருச்சு" என்றேன். 'மாதிரி' என்கிற சொல்லுக்கு வீரம்மாவிடம் என்றைக்குமே மதிப்புக் கிடையாது. "தலையிலயா? எந்த எடத்துல?" என்றாள். உச்சியைத் தொட்டுக் காட்டினேன். கையில் இருந்த குடத்தை அப்படியே கீழே போட்டுவிட்டுக் காளியம்மாள் கடைக்கு ஓடினாள். நானும் அந்த நாற்றத்தோடேயே பின்னால் போனேன்.

காளியம்மாள் கொங்குப் பக்கத்தில் இருந்து வந்து கடை வைத்திருப்பவர். பல்லி சொல்லுக்கும் பல்லி விழுவதற்கும் எங்கள் காலனியில் அவர்தான் ஹைக்கோர்ட்டு. கடையில் தொங்கிய காலண்டரைத் திருப்பி, பின்பக்கத்தில் போட்டிருந்த பலனைப் பார்த்தார்கள். அதில் தலைக்குக் கலகம் என்று மட்டும்தான் போட்டிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நம் வீட்டில் என்றைக்குக் கலகம் இல்லை? காளியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "காலண்டர்க்காரனுக்கு எடம் பத்தலீங்க, சுருக்கிப் போட்டுட்டான். உச்சந்தலையில உழுந்தா உசுருக்கே ஆகாதுங்க" என்றார். அது செத்து அரை நூற்றாண்டு ஆகியிருக்கும், செத்த பல்லிக்கு ஏதம்மா பலன் என்று நான் வாதாடினேன். "செத்ததே எந்திரிச்சு வந்து உழுந்திருக்குதுன்னா அது இன்னும் பொல்லாப்புங்களே" என்று ஒரே போடாகப் போட்டார்.

பரிகாரமும் அவரே சொன்னாராம். நான் வீட்டுக்குத் திரும்பிக் குளித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது, பிற்பாடு வீரம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். "காக்கா தலையில தட்டிட்டா எங்கூர்ல என்ன பண்ணுவாங்க தெரியுமுங்களா? அந்த ஆளு செத்துட்டாருன்னு சொந்தபந்தத்துக்குப் பொய்யாச் சொல்லியுட்ருவாங்க. அவுங்க நெசமுன்னு நெனச்சு அழுவாங்க. அழுதுட்டாப் போச்சுங்க, வரவேண்டிய சாவு வந்துட்டுப் போயிருச்சுன்னு ஆயிரும். பொறவு பொறுமையா நெசத்தைச் சொல்லிக்கலாம். காக்காய்க்குச் செல்லுறது பல்லிக்குச் செல்லாதுங்களா? இவருக்கு ரத்த சொந்தம் இங்க ஆருங்க இருக்கறாங்க?"

வீரம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாளாம். அண்ணே, இந்த இடத்தை அவள் எனக்குச் சொன்னபோது நானும் எண்ணிப் பார்த்தேன். இந்தப் பெரிய தேசத்தில் நான் செத்தால் அழுவதற்கு யார் என்று பார்த்தால் ஒரு ஆள் தேறவில்லை. துறையூர்ப் பக்கத்தில் நம் பாட்டனார் வழிப் பங்காளி ஒருவர் இருக்கிறார் அல்லவா, கப்பலிறங்கித் தங்கிய மண்டபம் முகாமில் இருந்து நேராக அவரைத் தேடித்தான் நாங்கள் போனோம் என்று தங்களுக்கு எழுதியிருந்தேன். என்ன நடந்தது என்று எழுதவில்லை. எங்களைப் பார்த்ததும் அவர், "செலோன்காரங்களா? நெலத்துல பங்கு கேக்கவா வந்தீங்க?" என்றார். அண்ணே, அங்கே நம்மை இந்தியாக்காரன் என்று சொல்லி அனுப்பினார்கள், இங்கே வந்து இறங்கினால் சிலோன்காரன் என்று கதவடைக்கிறார்கள். என்னை எந்தத் தட்டில் வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பங்காளிக்கு என் சாவுச் செய்தியை அனுப்பலாமா என்று வீரம்மா கேட்டிருக்கிறாள். "அந்தாளு அழுவாருங்களா?" என்று கேட்டாராம் காளியம்மாள். அழ மாட்டார், நல்லவேளை என்று பெருமூச்சு விடுவார் என்றாளாம் இவள். பெருமூச்சு செல்லாது என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். அப்புறம்தான் தங்கள் பேர் வந்தது. அம்மா போன பிறகு, பிள்ளை இல்லாத குறைக்கு என்னைத்தானே தாங்களும் அண்ணியும் மடியில் போட்டு வளர்த்தீர்கள். எனக்காக அழ ஒரு ஆள் வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கார்டு தங்கள் விலாசத்துக்கு வந்தது இப்படித்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உண்மை தெரிந்த அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. அது பல்லியே இல்லை, தவளை இனம் என்று நான் டீச்சர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னேன். சொல்லில் நம்பிக்கை வராது என்று, கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஒரு தேரையையும் பிடித்து வந்து முன்னால் விட்டேன்.

"இந்தா பாரு, இதுக்குத்தான் அது சொந்தம்."

"இதுக்கு வாலு எங்க?"

"குஞ்சா இருக்கையில இருந்துச்சு. பெருசானதும் போயிருச்சு."

"அதுக்கு மட்டும் ஏன் போகல?"

"அது வால் போகாத வீடு புள்ள. தண்ணியில பொறந்து, அப்புறமாத் தரையில ஏறி வந்து பொழைக்கிற சாதி."

வீரம்மா குனிந்து அந்தத் தேரையை உற்றுப் பார்த்தாள். "தண்ணி தாண்டி வந்து பொழைக்குதா? அப்ப நம்மாளுதான். பாவம், அதையும் போத்தல்ல போட்டு வச்சிருக்காங்களே" என்றாள். கிட்டத்தட்ட வழிக்கு வந்துவிட்டாள் அண்ணே. தவளை விழுந்தால் என்ன பலன் என்று எந்தக் காலண்டரிலும் இல்லை, ஆகவே பலனும் இல்லை, பரிகாரமும் வேண்டாம் என்று நான் முடிக்கப்போகும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து காளியம்மாள், "தவளை எதுக்குங்க மேல இருந்து உழுகுது? மேல இருந்து உழுந்தா அது பல்லிதானுங்க" என்றார்.

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். கார்டு போய் வெகுநாள் ஆயிற்று. தங்களிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. அண்ணே, நான் செத்தே போயிருந்தால்கூட இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. தம்பி செத்ததற்கு ஒரு 'ஐயோ' என்றுகூட எழுதக்கூடாதா? தபால்காரர் எங்கள் காலனிக்கு வரும்போதெல்லாம் என் துக்கத்தைப் பற்றி ஏதாவது வந்திருக்கிறதா என்று நானே போய்க் கேட்டு, வெறுங்கையோடு திரும்பி வருகிறேன். பொய்ச் செய்தி என்று கண்டுபிடித்துக் கோபமாக இருக்கிறீர்களோ, தபால் தலைக்கு வழியில்லையோ, மாவுக்கு வரிசையில் நிற்கவே பொழுது சரியாகிவிடுகிறதோ என்று நானாக ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். கார்த்திகையில் தாங்கள் எழுதிய கடிதத்தில் தோட்டத்தில் அரிசியும் இல்லை மாவும் இல்லை என்று எழுதிவிட்டு, ஆனால் நான் நன்றாக இருக்கிறேன், பாஸ்போட்டு வந்துவிட்டது, கப்பலுக்கு நாள் வைத்ததும் எழுதுகிறேன் என்று முடித்திருந்தீர்கள். அதை நம்பி இங்கே வீட்டோடு ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி, தங்களுக்கும் அண்ணிக்கும் படுக்க இடம் செய்து வைத்திருக்கிறேன். தாங்கள் சாய்ந்து உட்கார ஒரு வாங்குப் பலகை போட்டிருக்கிறேன். கொல்லையில் கிழங்கும் பீன்ஸும் வைத்திருக்கிறேன். இங்கே பசி இல்லை அண்ணே, குளிர் மட்டும்தான்.

பதில் வராததற்கு வீரம்மா ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அழுதிருந்தால் பதில் வந்திருக்கும். பதில் வரவில்லை என்றால் அழவில்லை. அழவில்லை என்றால் சாவு இன்னும் என் தலைக்கு மேலேயே நிற்கிறது. ஆகையால் நான் பஸ் ஏறக்கூடாது, ஸ்டூல் ஏறக்கூடாது, மழையில் நனையக்கூடாது. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய், எல்லாப் போத்தலையும் தரையில் உட்கார்ந்தே துடைத்துவிட்டு வருகிறேன். தூக்கத்தில் நான் மூச்சு விடுகிறேனா என்று அவள் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறாள். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டே சோறு ஆக்குகிறாள். எனக்கும் அவளைப் பார்த்துப் பார்த்துப் பயம் வந்துவிட்டது. என் உயிரைப் பற்றி இல்லை. தாங்கள் எழுதாமல் இருக்கிறீர்களே என்பதுதான் பயம். ஆகையால் எப்படியாவது ஒரு வரி எழுதிப் போடுங்கள். அழுதோம் என்று எழுதுங்கள். அழாமல் இருந்திருந்தாலும் அழுததாகவே எழுதிவிடுங்கள். அது பல்லி இல்லை என்று நான் டீச்சரை வைத்து நிரூபித்துக்கொள்கிறேன். தங்கள் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

நம் காட்டுமாரியம்மன் தங்களையும் அண்ணியையும் கைப்பிடித்துக் கப்பலேற்றி விடட்டும். தோட்டத்து லயத்து வரிசையில் நம் காம்பராவுக்கு அடுத்த அறையில் இருக்கும் பழனியாண்டி அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும் நான் உயிரோடு இருக்கும் விவரத்தைச் சொல்லவும். சாலமாண்டர் விஷயத்தை அவர்களுக்கு விளக்க முடியாவிட்டால் விட்டுவிடவும்.

தங்கள் காலடியில் வளர்ந்த,
பரமசிவன்.

பி.கு.: அண்ணே, இந்தக் கடிதத்தை உறைக்குள் போட்டு ஒட்டுவதற்குள் பழனியாண்டி அண்ணனே வந்துவிட்டார். குடும்பத்தோடு கப்பலேறி வந்து, மண்டபத்தில் தங்கிவிட்டு, கீழ் கோத்தகிரித் தோட்டத்துக்குப் போகிற வழியில் குன்னூரில் இறங்கியிருக்கிறார். கார்டு லயத்துக்கு வந்ததாம். தாலியறுத்த வீரம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று விசாரித்து வந்திருக்கிறார். கதவைத் திறந்தது நான். நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு ஓவென்று அழ ஆரம்பித்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்காக ஒரு ஆள் அழுகிறார், இந்தியாவிலேயே அழுகிறார். "அழாதீங்கண்ணே, நான் சாகல, அது பல்லியே இல்ல" என்று கட்டிப் பிடித்துக்கொண்டு, செதில் இல்லை, நகம் இல்லை, தவளைக்குச் சொந்தம் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை.

"நீ உசுரோட இருக்கிறது எனக்குச் சந்தோசந்தான் தம்பி. நான் ஒனக்காக அழல" என்றார்.

தாங்கள் மாசி மாதமே போய்விட்டீர்களாம். கிடைத்த மாவை அண்ணிக்கே சாப்பிடக் கொடுத்துவிட்டு, எனக்குப் பசியில்லை என்று சொல்லிச் சொல்லியே காலம் தள்ளினீர்களாம். அதற்கு மேல் காய்ச்சல் வந்தபோது உடம்பு தாங்கவில்லையாம். கடைசியாகப் பேசியது என்னைப் பற்றித்தானாம். "தம்பிக்கு எழுதிடாதீங்க. அங்க அவனுக்கு ஆளில்ல. ஒத்தையா ஒக்காந்து அழுவான். அண்ணன் வருவான்னே இருக்கட்டும்" என்றீர்களாம். அதனால்தான் ஒருவரும் எழுதவில்லை. ஆனியில் என் கார்டு போய்ச் சேர்ந்தபோது, அண்ணி அதை வைத்துக்கொண்டு தாங்கள் போனதற்கு அழுததைவிட அதிகமாக அழுதார்களாம். லயமே கூடி அழுததாம். ரெண்டு முண்டச்சிகள் யாருக்கு யார் ஆறுதல் எழுதுவது என்று சொல்லி, பதில் போட வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். அங்கே நிஜச் சாவை எனக்கு மறைத்திருக்கிறீர்கள், நான் இங்கிருந்து பொய்ச் சாவை அனுப்பி வைத்திருக்கிறேன்.

வீரம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "மாசியிலயே போயிட்டாருன்னா, ஆனியில அது விழுந்ததால அவருக்கு ஒண்ணும் ஆகல. அது பல்லி இல்லீங்க, அது பல்லியே இல்லீங்க" என்றாள். இத்தனை நாள் நான் சொன்னதை இப்போது அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள். எனக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை அண்ணே.

அண்ணி, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினால், மேலே எழுதியதில் ஒன்று மட்டும் நிஜம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் உயிரோடு இருக்கிறேன். வீரம்மா தாலியறுக்கவில்லை. உங்களுக்கு இங்கே இடம் இருக்கிறது, சோறு இருக்கிறது. கப்பலுக்கு நாள் கேட்டு எழுதச் சொல்லுங்கள், நான் மண்டபத்துக்கே வந்து நிற்கிறேன்.

அண்ணே, தங்களுக்கும் ஒரு விவரம். இங்கே வீரம்மா அழுகிறாள். பழனியாண்டி அண்ணன் அழுகிறார். காளியம்மாள் கடையைச் சாத்திவிட்டு வந்து, தங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல், தங்கள் பேரைச் சொல்லி ஒப்பாரி வைத்து அழுகிறார். நான் ஒத்தையாக அழவில்லை.